போட்ட பில் தானாக மாறலாமா? பில்லிங் மென்பொருள் நிறுவனத்துக்குப் புகார் கடிதம்

அனுப்புநர்
கணக்குப் பிரிவு,
பம்ப் உதிரிபாக மொத்த விற்பனை நிலையம்,
கோயம்புத்தூர்.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
பில்லிங் மென்பொருள் தயாரிப்பு நிறுவனம்,
சென்னை.

பொருள்: பார்ட்டி (வாடிக்கையாளர்) விவரங்களை இணைத்தபின் பழைய பில்களின் ஜிஎஸ்டி எண்ணும் முகவரியும் மாறிவிடுவது – சரிசெய்து தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டிப் பயன்படுத்தி வருகிறோம். அண்மையில் வந்த பதிப்பில் 'இரட்டைப் பார்ட்டி இணைப்பு' என்று, இருமுறை பதிவான ஒரே வாடிக்கையாளரை ஒன்றாக்கும் வசதி சேர்த்திருக்கிறீர்கள். அதைப் பயன்படுத்தியதிலிருந்து, ஏற்கெனவே போட்டு, அச்சடித்து, சரக்கோடு அனுப்பி, ரிட்டர்னும் தாக்கல் செய்துவிட்ட பில்களில்கூட வாங்கியவரின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் எல்லாம் மாறிக் கிடக்கின்றன. தொலைபேசியில் கிடைத்த பதில்கள் எவையும் பிரச்சினையின் வேரைத் தொடவில்லை. அதனால் பிழை எங்கே, ஏன், எப்படித் திருத்த வேண்டும் என்பதை எழுத்தில் தருகிறோம். இந்தக் கடிதத்தை உங்கள் புரோகிராமர்கள் கைக்கே அனுப்பிவையுங்கள்.

முதலில் அந்த இணைப்புத் திரை. மாஸ்டர் (வாடிக்கையாளர் விவரங்களைச் சேமித்து வைக்கும் பகுதி) மெனுவில் அதைத் திறந்தால் பார்ட்டி பெயர்கள் ஜோடி ஜோடியாக வருகின்றன. ஒவ்வொரு ஜோடிக்கும் எதிரே டிக் முன்கூட்டியே விழுந்திருக்கிறது. கீழே 'அனைத்தையும் இணை' என்று ஒரு பச்சைப் பொத்தான். இவை இரண்டும் ஒன்றுதான் என்று எதை வைத்து முடிவு செய்தது என்பது திரையில் எங்கும் இல்லை. ஜிஎஸ்டி எண்ணைக் காட்டும் பத்தியே கிடையாது. இணைந்துபோன பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், பான் எண் ஒத்துப்போனாலோ கைபேசி எண் ஒத்துப்போனாலோ ஒரே பார்ட்டி என்று எடுத்துக்கொள்கிறது என்று தெரிகிறது. இரண்டுமே தவறான அளவுகோல்.

ஜிஎஸ்டி எண்ணின் 15 இடங்களில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, அடுத்த பத்து பான் எண். 13-ஆவது இடம் அதே பான் எண்ணில் அந்த மாநிலத்தில் எடுத்த எத்தனையாவது பதிவு என்பதைச் சொல்வது, கடைசி எழுத்து சரிபார்ப்புக்கானது. கோயம்புத்தூரில் ஒரு தொழிற்கூடமும் பாலக்காட்டில் இன்னொன்றும் வைத்திருக்கும் ஒரே நிறுவனத்துக்கு 33-இல் தொடங்கும் எண் ஒன்று, 32-இல் தொடங்கும் எண் ஒன்று என இரண்டு இருக்கும். நடுவிலுள்ள பத்து எழுத்துகள் அச்சு அசலாக ஒன்றே. பதிவு ஒவ்வொன்றையும் தனித்தனி நபராகவே கருத வேண்டும் என்று சிஜிஎஸ்டி (மத்திய ஜிஎஸ்டி) சட்டத்தின் 25(4) பிரிவு சொல்கிறது. உங்கள் மென்பொருள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. கைபேசி எண் கதையும் இப்படித்தான். அப்பா பெயரில் ஒரு கடை, மகன் பெயரில் ஒரு கடை, ஆர்டர் சொல்ல இரண்டுக்கும் ஒரே எண் என்பது இந்த வியாபாரத்தில் சர்வசாதாரணம். பான் எண் வேறு, ஜிஎஸ்டி எண் வேறு, கடனும் வேறு வேறு. லெட்ஜர் (கணக்கேடு) மட்டும் இப்போது ஒன்றாகக் கிடக்கிறது.

இணைத்தபின் பாலக்காட்டுக்குப் போட்ட ஒரு பழைய பில்லை மறுபடி அச்சடித்தால் என்ன வருகிறது என்று பாருங்கள். மேலே கோயம்புத்தூர் முகவரி, 33-இல் தொடங்கும் ஜிஎஸ்டி எண். கீழே வரிப் பகுதியில், வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி 18 சதவீதம். தமிழ்நாட்டு விற்பனையாளர் தமிழ்நாட்டுப் பதிவெண்ணுக்கு ஐஜிஎஸ்டி போட்டதாக ஒரு பில்! மேல்பாதியைப் பார்ட்டி மாஸ்டரிலிருந்து அச்சடிக்கும் நேரத்தில் எடுக்கிறீர்கள், கீழ்பாதியைப் பில் போட்டபோது சேமித்ததிலிருந்து எடுக்கிறீர்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதைவிட மோசமானது, லாரி ரசீது எண்ணைச் சேர்ப்பதற்காக அந்தப் பில்லைத் திறந்து சேமித்தால் நடப்பது. 84,000 ரூபாய்ச் சரக்குக்கு 15,120 ரூபாய் ஐஜிஎஸ்டி என்றிருந்தது, ஒரு கேள்விகூடக் கேட்காமல், மாநிலத்துக்குள் விற்றால் வரும் சிஜிஎஸ்டி 7,560, எஸ்ஜிஎஸ்டி 7,560 என்று மாறிவிடுகிறது. பில் மொத்தம் 99,120 அப்படியே நிற்கும். அதனால் லெட்ஜர் பாக்கி பொருந்தும், நிலுவைப் பட்டியல் பொருந்தும், அன்றாட விற்பனை அறிக்கையும் பொருந்தும். வரித் தலைப்பு வாரியாகப் பார்க்கும் வரை யார் கண்ணிலும் படாது. சரக்கோடு போன இ-வே பில்லிலோ (சரக்குப் போக்குவரத்துக்கான ஆவணம்) 32-இல் தொடங்கும் எண் இருக்கிறது.

'பில் ஒரு முகவரிக்கு, சரக்கு வேறு முகவரிக்கு என்றால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டிதானே வரும், மென்பொருள் சரியாகத்தான் செய்கிறது' என்று உங்கள் சேவைப் பிரிவில் சொன்னார்கள். கோயம்புத்தூர் அலுவலகம் வாங்கிக்கொண்டு, சரக்கைப் பாலக்காட்டில் இறக்கச் சொல்லியிருந்தால் அது சரி. இங்கே ஆர்டர் போட்டதும் பில் கேட்டதும் பணம் கட்டுவதும் பாலக்காட்டுப் பதிவு. வாங்கியவர் யார் என்பதை மென்பொருளே மாற்றிவிட்டு, மாற்றிய ஆளுக்கு ஏற்ப வரி சரி என்பது நியாயமாகாது.

ரிட்டர்னில் இதன் விளைவை யோசித்தீர்களா? ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை ரிட்டர்ன்) கோப்பை உருவாக்கும்போதும் ஜிஎஸ்டி எண்ணை மாஸ்டரிலிருந்தே எடுக்கிறீர்கள். 11-ஆம் தேதிக்குள் நாங்கள் தாக்கல் செய்தால், பாலக்காட்டுப் பில்கள் கோயம்புத்தூர்ப் பதிவின் பேரில் ஏறி, 14-ஆம் தேதி அவர்களின் ஜிஎஸ்டிஆர்-2பியில் (வாங்கியவருக்கான வரி வரவுப் பட்டியல்) தெரியும். பாலக்காட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. 2பியில் வராத பில்லுக்கு அவர் உள்ளீட்டு வரி வரவு (கொள்முதலில் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது. வரித் தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்புவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. 2024-இல் வந்த ஜிஎஸ்டிஆர்-1ஏ படிவத்தில் அதே மாதத்திலேயே திருத்திக்கொள்ளலாமே என்றால், வாங்கியவரின் ஜிஎஸ்டி எண்ணை அதில் மாற்ற வழியில்லை. அடுத்த ஜிஎஸ்டிஆர்-1இல் 9ஏ அட்டவணையில் ஒவ்வொரு பில்லாகத் திருத்த வேண்டும். அதுவும் நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரைதான். வரித் தலைப்பே மாறிப் போயிருந்தால் சரியான வரியை மறுபடி கட்டிவிட்டு, தவறாகக் கட்டியதைத் திரும்பக் கேட்க வேண்டும். வட்டி இல்லை என்பது ஒன்றே ஆறுதல். அதுவரை முடங்குவது எங்கள் கைப்பணம்.

இணைப்புப் பொத்தானை நீக்கிவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அது நோயை வெளியே காட்டியது, அவ்வளவுதான். பில் பதிவில் பார்ட்டியின் குறியீட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் தேவைப்படும்போது மாஸ்டரிலிருந்து இழுக்கிறீர்கள். நோய் அங்கே இருக்கிறது. இணைப்பே செய்யாதவர்களுக்கும் இது நடக்கும். சோதித்துப் பாருங்கள்: ஒரு போலிப் பார்ட்டியை உருவாக்கி, பில் போட்டு, பிடிஎஃப் எடுத்து வையுங்கள். மாஸ்டரில் முகவரியை மாற்றுங்கள். அதே பில்லை மறுபடி பிடிஎஃப் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாங்கியவர் குடிமாறிவிட்டார் என்பதற்காகப் பழைய கிரயப் பத்திரத்தில் முகவரி மாறுவதில்லையே.

இதே காரணத்தால் வரும் இன்னும் இரண்டைச் சொல்கிறோம். பதிவு இல்லாத ஒரு மோட்டார் மெக்கானிக் கடைக்காரர் ஆண்டின் நடுவில் ஜிஎஸ்டி பதிவு எடுக்கிறார். எண்ணை மாஸ்டரில் சேர்த்ததும், பதிவுக்கு முன் அவருக்குப் போட்ட பில்களும் பதிவு பெற்றவருக்கான பில்களாகிவிடுகின்றன. அந்தப் பழைய மாத ஜிஎஸ்டிஆர்-1ஐ மறுபடி எடுத்தால், பதிவில்லாதவர்களுக்கான 7-ஆம் அட்டவணையில் மொத்தமாகக் காட்டித் தாக்கல் செய்த தொகை, பதிவு பெற்றவர்களுக்கான 4-ஆம் அட்டவணைக்குத் தாவி நிற்கிறது. ஆண்டு ரிட்டர்னுக்காக ஆடிட்டர் ஒப்பிடும்போது எதுவும் எதோடும் சேராது. இரண்டாவது, கடன் கெடு. ஒரு பார்ட்டிக்கு 30 நாளை 60 நாளாக மாற்றினால் அது இனிமேல் போடும் பில்லுக்குத்தான் பொருந்த வேண்டும். உங்கள் மென்பொருளில் பழைய பில்களின் கெடு தேதியும் தள்ளிப்போய், கெடு தாண்டிய பாக்கிகள் பட்டியலிலிருந்தே மறைந்துவிடுகின்றன. வசூலுக்குப் போகிறவர் கையில் தவறான பட்டியல் இருந்தால் பணம் எப்படி வரும்?

இ-இன்வாய்ஸ் (அரசு போர்ட்டலில் பதிவு செய்யும் பில்) போடும் உங்கள் வாடிக்கையாளர்கள், அதாவது 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள், இன்னும் சிக்கலில் இருப்பார்கள். கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்தால் ஒரு ஜிஎஸ்டி எண், காகிதத்தில் இன்னொன்று. போர்ட்டலில் ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம்.

சேவைப் பிரிவு சொன்ன தீர்வுகளுக்கு வருவோம். 'பழைய பேக்கப்பை ஏற்றிக்கொள்ளுங்கள்' என்றார்கள். ஏற்றினால் அதற்குப் பின் போட்ட பில்கள் போய்விடும். வெளியே போய்விட்ட பில் எண்களே புதிய பில்களுக்கு மறுபடி விழும். ஒரு நிதியாண்டில் ஒரு பில் எண் ஒரே முறைதான் வரலாம் என்பது ஜிஎஸ்டி விதிகளில் 46-ஆம் விதி. 'பாலக்காட்டுப் பார்ட்டியைப் புதிதாக உருவாக்கி, பில் ஒவ்வொன்றிலும் மாற்றிக்கொள்ளுங்கள்' என்றார்கள். பார்ட்டியை மாற்றியதும் பில் வாரியாக வரவு வைத்த ரசீதுகள் பிடிவிட்டு, 'ஆன் அக்கவுண்ட்' (எந்தப் பில்லுக்கும் பொருத்தாத வரவு) என்று போய் நிற்கின்றன. எந்தப் பில்லுக்கு எவ்வளவு வந்தது என்பதைக் காசோலை காசோலையாக மறுபடி உட்கார்ந்து பொருத்த வேண்டும். முழு டேட்டாவையும் அட்மின் கடவுச்சொல்லோடு வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொன்னதை நாங்கள் ஏற்கவில்லை. எங்கள் வாடிக்கையாளர்களின் வங்கிக் கணக்கு எண்ணும் விலை விவரமும் அதில் இருக்கின்றன.

சரி, எக்செல்லுக்கு எடுத்து நாமே ஒப்பிடுவோம் என்று பார்த்தால் அதிலும் தடுமாற்றம். சிஎஸ்வி கோப்பை யூடிஎஃப்-8 முறையில் எழுதுகிறீர்கள், ஆனால் கோப்பின் தொடக்கத்தில் அதற்கான அடையாளத்தை வைப்பதில்லை. நேரடியாகத் திறந்தால் தமிழில் உள்ள பெயர்கள் முழுதும் புரியாத குறிகளாகின்றன. 0422 என்று தொடங்கும் தொலைபேசி எண்களில் முன்னால் உள்ள பூஜ்யம் உதிர்கிறது. 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணில் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 5/24 என்ற பில் எண் தேதியாகிவிடுகிறது. அந்தக் கோப்பையே திருத்தி மறுபடி ஏற்றச் சொல்கிறது உங்கள் உதவிக் குறிப்பு. ஏற்றினால் மாஸ்டர் முழுவதும் பாழாகும். இந்தப் பத்திகள் டெக்ஸ்ட் வடிவில் அமைந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பாகக் கொடுத்தால் இத்தனையும் தீரும்.

எது எப்போது மாறியது என்று பார்க்கலாம் என்றால், திருத்தப் பதிவேட்டில் 'பார்ட்டி மாஸ்டர் திருத்தப்பட்டது – அட்மின்' என்ற ஒரு வரிதான் இருக்கிறது. முன்பு என்ன இருந்தது, பிறகு என்ன ஆனது, எத்தனை பில்கள் இடம் மாறின என்பது இல்லை. கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாக வேண்டும், அதை அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளுக்குக் கட்டாயம். நாங்கள் கூட்டு வணிகம் (பார்ட்னர்ஷிப்) என்பதால் எங்களை அது கட்டாது. ஆனால் பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளுக்கும் இதே மென்பொருளைத்தான் விற்கிறீர்கள்.

எங்களுக்கு உடனடியாக வேண்டியது, இணைந்துபோன பார்ட்டிகளைப் பழையபடி பிரித்துத் தருவது. அதை எங்கள் அலுவலகத்தில், எங்கள் கண்முன், டேட்டாவின் நகலில் முதலில் செய்து காட்டுங்கள். பில் எண், தேதி, வரித் தலைப்பு, ரசீதுப் பொருத்தம் நான்கும் இணைப்புக்கு முந்தைய பேக்கப்போடு ஒத்துப்போன பிறகே அசலில் கை வைக்க வேண்டும். அடுத்த 11-ஆம் தேதிக்கு முன் இது முடியாவிட்டால், ஜிஎஸ்டிஆர்-1ஐக் கையால் தயாரிக்க ஆகும் ஆடிட்டர் கட்டணத்தைத் தாங்கள் ஏற்க வேண்டும்.

அடுத்த பதிப்பில், பில் சேமிக்கும் அந்த நொடியில் பெயர், பில் முகவரி, சரக்கு இறங்கும் முகவரி, ஜிஎஸ்டி எண், மாநிலக் குறியீடு, வரி விகிதம், ஹெச்எஸ்என் (சரக்கு வகை) குறியீடு, கெடு தேதி ஆகியவை பில்லுக்குள்ளேயே நகலாகிவிட வேண்டும். தொடர்பு நபர், கைபேசி, மின்னஞ்சல் போன்றவை மாஸ்டரிலிருந்து வந்தால் போதும். அவை புதிதாக இருப்பதுதான் நல்லது. ரிட்டர்ன் தாக்கலான மாதத்தைப் பூட்டும் வசதியும் வேண்டும். இணைப்பு வசதியை வைத்திருப்பதானால் 15 எழுத்தும் ஒத்துப்போகும் ஜிஎஸ்டி எண்ணுக்கு மட்டும் பரிந்துரை வரட்டும், டிக்கை நாங்கள் போட்டுக்கொள்கிறோம், திரும்பப் பெறவும் வழி இருக்கட்டும்.

சந்தா முடிந்தால் ஏற்றுமதி வசதியும் பூட்டிக்கொள்கிறது என்று உங்கள் விதிமுறையில் பார்த்தோம். ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டியது எங்கள் சட்டக் கடமை. சந்தா இருந்தாலும் இல்லாவிட்டாலும் பழைய பில்களைப் பார்க்கவும் எடுக்கவும் முடியும் என்று எழுத்துப்பூர்வமாக உறுதி தாருங்கள். அது வராமல் சந்தாவைப் புதுப்பிப்பதாக இல்லை.

இணைப்புக்கு முன்னும் பின்னும் எடுத்த ஒரே பில்லின் இரண்டு பிடிஎஃப்கள், வரித் தலைப்பு மாறிய பில்களின் பட்டியல், திருத்தப் பதிவேட்டின் பக்கம் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறோம். பாலக்காட்டு வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பதால், புகார் எண்ணையும் பொறுப்பேற்கும் அலுவலரின் பெயரையும் முதலில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவினர்