பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியுமாம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எயிட்ஸ் தினத்தையொட்டிக் கிளிநொச்சியில் நடந்த கூட்டம் பற்றிய உங்கள் செய்தியை வாசித்தேன். சிவப்பு நாடா குத்திய பெரியவர்களின் படத்துக்கு அரைப் பக்கம். கீழே, கல்விப் பகுதி அதிகாரி ஒருவர் சொன்னதாக ஒரு வரி: "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும், நாங்கள் சொல்லிக் கெடுக்கத் தேவையில்லை." மறுகேள்வி கேட்காமல் அப்படியே போட்டிருக்கிறீர்கள். நல்லது.

நான் வன்னியில் குடும்பநல உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவள். ஒருமுறை தரம் 11 பிள்ளைகளிடம், பெயர் போடாமல் சந்தேகங்களை எழுதித் தரச் சொன்னேன். கொப்பியில் கிழித்த துண்டுகள், சிலது விரல் நுனி அளவுக்கு மடித்தவை. நுளம்பு கடித்தால் எச்.ஐ.வி வருமா? ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தால்? முத்தம் கொடுத்தால் பிள்ளை தங்குமா? ஒரு துண்டில் மட்டும், "ஒருவர் கட்டாயப்படுத்தினாலும் அந்த நோய் வருமா மிஸ்?" என்றிருந்தது. எழுதியது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்கும் எல்லாம் தெரிந்திருந்ததாக்கும். அப்படியொன்று நடந்தால் 72 மணித்தியாலத்துக்குள் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும், தொற்றாமல் தடுக்க மருந்து இருக்கிறது என்பதை அதற்கு யார் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும்? ஆலமரத்துப் பிள்ளையாரா?

சுகாதாரப் பாடப் புத்தகத்தில் பாடம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் பக்கம் வந்ததும், "இதை வீட்டில் வாசியுங்கோ" என்று படிப்பிக்கிற ஆசிரியர்கள் தாண்டிவிடுவார்கள். யாழ்ப்பாண பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இருக்கிறவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. போர் முடிந்து மீள்குடியேறிய காலத்தில் வந்த தொண்டு நிறுவனங்களும் பதாகை கட்டி, கேக்கும் சோடாவும் தந்து, படமெடுத்துக்கொண்டு போயின. அதில் ஒரு பதாகை எங்கள் ஒழுங்கையில் கோழிக்கூட்டுக்குக் கூரையாகக் கனகாலம் கிடந்தது. அதுவாவது பிரயோசனப்பட்டது.

சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 2016 இல் குளியாப்பிட்டியில் எச்.ஐ.வி என்ற வதந்தியை நம்பி, தொற்றே இல்லாத ஒரு சின்னப் பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவிடாமல் பெற்றோர் நின்றார்களே. 2019 இல் தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி பரவுவதை ஒழித்த நாடென்று உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. கர்ப்பிணிகளை வீடுவீடாகத் தேடிப்போய் இரத்தம் சோதிக்க அனுப்பிய என்னைப் போன்றவர்களின் சைக்கிளும் அதில் ஓடியிருக்கிறது. வயிற்றில் இருக்கிற பிள்ளையைக் காப்பாற்றத் தெரிந்த நாட்டுக்கு, பதினாறு வயதுப் பிள்ளையோடு பேச மட்டும் வெட்கம் வந்துவிடுகிறது.

வெட்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் ஞாயிறு இதழில் "ஆண்மைக் குறைவா? கவலை வேண்டாம்" என்று போன் நம்பரோடு வருகிற விளம்பரங்கள். பெடியங்கள் பாலியல் கல்வி படிப்பது அதில்தான். அதைப் போடும்போது பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லைப் போலும்.

சரி, நான் கேட்பது பெரிய விஷயமில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆஸ்பத்திரிகளில் பாலியல் நோய்க் கிளினிக் எந்தெந்த நாட்களில் நடக்கிறது, பரிசோதனை இலவசம், விபரம் வெளியே போகாது என்று மாதம் ஒருமுறை ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். மரண அறிவித்தல் பக்கத்தில் என்றாலும் பரவாயில்லை, அதை எல்லோரும் வாசிப்பார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
மல்லாவி.