கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்பு மகள் சுமதிக்கு அப்பாவின் ஆசிகள்.

அம்மா நலம். முருங்கை நன்றாகக் காய்த்திருக்கிறது, கோயம்புத்தூர் பக்கம் ஆள் வந்தால் கொடுத்து அனுப்புகிறேன்.

உன் புகுந்த வீட்டுச் சொந்தக்காரர் உன்னிடம் வாங்கிய கடனைத் திருப்பித் தர வேண்டும் என்று கோர்ட் கொடுத்த டிகிரியைப் பற்றிக் கேட்டால் "பார்க்கலாம்பா" என்று பேச்சை மாற்றுகிறாய். அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளை இந்தக் கடிதத்தைப் படித்தாலும் பரவாயில்லை.

"12 வருஷம் டைம் இருக்கே, என்ன அவசரம்" என்கிறார்களாம். டிகிரியை நிறைவேற்றக் கேட்கும் மனுவான இ.பி. போட 12 வருஷம் உண்டு, வாஸ்தவம்தான். ஆனால் தீர்ப்பு வந்து 2 வருஷம் தாண்டிவிட்டால் அவருக்கு நோட்டீஸ் கொடுத்த பிறகுதான் கோர்ட் மேலே போகும். அதற்குள் போட்டால் நோட்டீஸ் இல்லாமலே ஜப்தி கேட்கலாம். வருகிற கார்த்திகையோடு உனக்கு 2 வருஷம். நோட்டீஸைப் பார்த்ததும் அவர் தன் திருமங்கலம் மனையை உன் நாத்தனார் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிவிட்டால் என்ன செய்வாய்? அது மோசடி என்று நிரூபிக்கவே தனியாக அலைய வேண்டும். ஜப்தி ஆன பிறகு எழுதினால் அந்தப் பத்திரம் உன்னைக் கட்டாது.

மனை இங்கே நம் பக்கத்துக் கோர்ட் எல்லையில் இருக்கிறது. அதனால் முதலில் தீர்ப்புக் கொடுத்த கோர்ட்டில் மனுப் போட்டு டிகிரியை இங்கே மாற்ற வேண்டும். சர்வே நம்பர், உட்பிரிவு, அளவு, நான்கு எல்லை எல்லாம் பத்திரத்தில் உள்ளபடியே இருக்கட்டும். எல்லை பொருந்தாவிட்டால் "சொத்து அடையாளம் தெரியவில்லை" என்று கோர்ட் ஊழியரான அமீனா எழுதித் திருப்பிவிடுவார். அவர் வழிச்செலவுக்கான பேட்டாவைக் கட்டிவிட்டால் நானே கூடப் போகிறேன். தமுக்கு அடித்து உத்தரவை மனையில் ஒட்ட வேண்டும். காலி மனையில் சுவர் ஏது, குச்சி நட்டு அதில்தான் ஒட்டுவார்கள். அதைப் போட்டோ எடுத்துக்கொள்வது என் பொறுப்பு.

கடன்காரரின் சம்பளத்தை மட்டும் ஜப்தி செய்தால் போதும் என்றால் டிகிரியை மாற்றக்கூட வேண்டாம். அரசு ஊழியர் எங்கே இருந்தாலும், சம்பளம் போடும் அதிகாரிக்குத் தீர்ப்புக் கொடுத்த கோர்ட்டிலிருந்தே உத்தரவு வரும். ஆனால் கணக்கைப் பார். முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. ஜப்தி செய்ய முடியாத படிகள் போக அவர் சம்பளம் 46,000 என்று வைத்தால் மாதம் 15,000 வரும். அதுவும் ஒரு டிகிரிக்கு மொத்தம் 24 மாதம்தான், ஆக 3,60,000. அசலே 5 லட்சம், வட்டி வேறு. பி.எஃப். பணத்திலும் கைவைக்க முடியாது. அதனால்தான் மனை, மனை என்கிறேன்.

அவரை ஜெயிலுக்கு அனுப்பப் போகிறாயா என்று உன் மாமியார் அழுதாராம். நாம் கேட்காமல் யாரையும் பிடிக்க மாட்டார்கள். கேட்டாலும், வசதி இருந்தும் கொடுக்க மறுக்கிறார் என்று காட்ட வேண்டும். 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. உள்ளே போனாலும் அதிகபட்சம் 3 மாதம், அவர் சாப்பாட்டுச் செலவை நீதான் கட்டணும், கடனும் அப்படியே நிற்கும். அந்த வழி நமக்கு வேண்டாம், தைரியமாக இருக்கச் சொல்.

இடையில் கொஞ்சம் பணம் தந்தால் வாங்கிக்கொள். ஆனால் ரொக்கமாக வேண்டாம், பேங்கில் போடச் சொல். வந்த தொகையை வக்கீலிடம் சொல்லி உடனே கோர்ட்டில் பதிவு செய். பதிவாகாத பணத்தை நிறைவேற்றுகிற கோர்ட் கணக்கில் எடுக்காது. நாளைக்கு "வாங்கிக்கொண்டே மறைத்தாள்" என்று உன்மேல்தான் பழி வரும். ஐம்பதாயிரம் வாங்கிக்கொண்டு "முழுப் பாக்கியும் தீர்ந்தது" என்ற மெமோவில் கையெழுத்துப் போட்டால், மீதிக்கு வாய் திறக்க முடியாது. யார் நீட்டினாலும் போடாதே. வீட்டு மனிதர் நீட்டினாலும் போடாதே. போட்டுவிட்டாயா என்று நான் கேட்கவில்லை.

சொந்தம் என்று பார்க்காமல் புரோநோட்டில் ஸ்டாம்ப் ஒட்டி எழுதி வாங்கினவள் நீ. 3 வருஷக் கெடு முடியுமுன் கேஸும் போட்டாய். வக்கீலே மெச்சினார். அவ்வளவும் செய்துவிட்டு டிகிரியை பீரோவில் வைத்திருந்தால் யாருக்கு லாபம்?

வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டேன், மனை இன்னும் அவர் பேரில்தான் இருக்கிறது. டிகிரியின் சர்டிஃபைட் காப்பி கையில் இருக்கிறதா? இல்லையென்றால் திங்கட்கிழமையே காப்பி அப்ளிகேஷன் போடச் சொல். கையெழுத்து விஷயத்தை மறுபடியும் சொல்கிறேன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எதிலும் போடாதே.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

அப்பா