இஸ்மினியின் இரண்டாம் வரவு

ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் மட்டக்களப்பில் பாடசாலை மாணவியர் மேடையேற்றிய ‘அன்ரிகனி’ என்ற கிரேக்க நாடகத்தைப் பார்த்துவிட்டு, மனம் ஆறாமல் இக்கடிதத்தை எழுதுகிறேன். பிள்ளைகளின் நடிப்பில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. குறை பிரதியில் இருந்தது. போட்டிக்கென வகுத்த நேரத்துக்குள் நாடகத்தை அடக்குவதற்காக, அன்ரிகனியின் உடன்பிறந்தவளான இஸ்மினி மீண்டும் மேடைக்கு வருகின்ற காட்சியை முழுவதுமாக நீக்கிவிட்டார்கள். நாடகம் முடிந்ததும் பேசிய நடுவர் ஒருவரும், வீரத்துக்கு அன்ரிகனி என்றும் கோழைத்தனத்துக்கு இஸ்மினி என்றும் பிரித்துப் பாராட்டினார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாடகமும் அரங்கியலும் கற்பித்தவள் என்ற முறையில் இதனை என்னால் ஏற்க முடியவில்லை.

கி.மு. 441 அளவில் கிரேக்க நாடகாசிரியர் சோபோகிளிஸ் எழுதிய இந்நாடகத்தில் மனம் வளர்கின்ற இளம்பெண் இஸ்மினியே. அன்ரிகனி முதல் வரியிலேயே முடிவெடுத்துவிட்டவள். சகோதரர் இருவரும் ஒருவரையொருவர் கொன்று மடிந்த பின், ஒருவனுக்கு மரியாதையுடன் அடக்கமும் மற்றவனின் உடல் நாய்க்கும் பறவைக்கும் என்று மன்னன் கிரேயோன் ஆணையிட, விடியுமுன் அரண்மனை வாசலுக்கு வெளியே, அவ்வுடலை அடக்கம் செய்ய அன்ரிகனி இஸ்மினியை உதவிக்கு அழைக்கிறாள். தந்தை தன் கண்களைத் தானே குத்திக்கொண்டதையும், தாய் தூக்கிட்டு இறந்ததையும், சகோதரர் இருவரும் ஒரே நாளில் மாண்டதையும் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லிவிட்டு, எஞ்சியிருப்பது நாம் இருவர்தான், அதுவும் பெண்கள், எம்மிலும் வலியவரின் கட்டளையை மீற எமக்குப் பலமில்லை என்று இஸ்மினி மறுக்கிறாள். மண்ணுக்குக் கீழே இருப்பவர்களிடம் மன்னிப்பும் கேட்கிறாள். இந்த அச்சத்தை ஒரே சொல்லில் தள்ளிவிட எங்களில் யாருக்கு மனம் வரும்? 1990ஆம் ஆண்டில், போரின் நடுவே, இந்த மாவட்டத்தில் வாழ்ந்த குடும்பங்களுக்கு, உடலைத் தேடிப் போவதா, இருக்கின்ற பிள்ளைகளைக் காப்பதா என்ற கேள்வி ஏட்டில் படித்த கேள்வியன்று.

தனியே போய்ச் சகோதரனின் உடலுக்கு மண்ணிட்ட அன்ரிகனி பிடிபட்ட பின்னர் இஸ்மினியை அரசன் முன் கொண்டுவருகிறார்கள். கிரேக்க நடிகர் முகமூடி அணிந்தவர் என்பதால் அவளுடைய கண்ணீரைப் பாடகர் குழுவே எமக்குக் காட்டுகிறது. புருவத்தின் மேல் கவிந்த மேகம் கன்னத்தை நனைக்கிறது என்பது அவர்கள் வாக்கு. அங்கே அவள், தன் சகோதரி சம்மதித்தால் தானும் இச்செயலைச் செய்தவளே, பழியில் தனக்கும் பங்குண்டு என்கிறாள்.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஒத்திகையில், இப்பாத்திரத்தை ஏற்ற மாணவி இந்த இடத்தில் நின்றுவிட்டாள். “ஏன் டீச்சர், இவ செய்யாத வேலையச் செய்தன் எண்டு சொல்றா?” என்று கேட்டாள். நான் உடனே விடை சொல்லவில்லை. அன்ரிகனியாக நடித்த பிள்ளையின் கைகளை ஒரு பழைய சேலைத்துண்டால் கட்டியிருந்தோம். சற்று நேரம் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள், மறுமுறை அவ்வசனத்தைச் சொன்னபோது, யாரும் சொல்லாமலே தன் இரு கைகளையும் காவலனிடம் நீட்டினாள். அதன் பிறகு அவளிடம் நான் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

எங்கள் கூத்துக் களரியில் ஒரு பாத்திரம் வரவுத் தருவோடு, அதாவது தன் வரவுப் பாட்டோடு, நுழையும்போதே அது யார், எத்தகையது என்று சபையோர் அறிந்துகொள்வர். இஸ்மினியின் முதல் வரவை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாம் வரவை வெட்டினால், சபை அறிவது பாதிப் பெண்ணை. கண்ணகியம்மன் கோவில்களில் வைகாசிதோறும் கண்ணகி வழக்குரைப் பாடலைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, அரசன் முன் தனித்து நின்று நீதி கேட்கும் பெண்ணைப் புரிந்துகொள்வது எளிது. முதலில் அஞ்சிப் பின்வாங்கி, பிறகு அந்த அச்சத்தோடேயே அரசன் முன் வந்து நிற்கும் பெண்ணைத்தான் நாங்கள் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அன்ரிகனி அவளை ஏற்கவும் இல்லை. நீ வாழத் தேர்ந்தாய், நான் சாகத் தேர்ந்தேன், நீ தொடாததை உனதாக்காதே என்று கடுமையாகவே விலக்குகிறாள். பாராட்டும் மன்னிப்பும் கிடைக்காத அந்த நிலையிலும் இஸ்மினி ஒதுங்கவில்லை. கிரேயோனை நோக்கித் திரும்பி, உன் மகனுக்கு நிச்சயித்த பெண்ணையா கொல்லப் போகிறாய் என்று கேட்கிறாள். அம்மகன் ஈமோனுக்கும் அன்ரிகனிக்கும் இருந்த மண உறவை அந்த அவையில் முதலில் எடுத்துரைப்பவள் அவளே. ஆண்களோடு போராடப் பெண்ணுக்கு இயலாது என்று விடியற்காலையில் சொன்ன அதே வாய், அரசனுக்கு மறுமொழி சொல்கிறது. இதைவிடத் தெளிவாக ஒரு மனத்தின் வளர்ச்சியை மேடையில் எப்படிக் காட்டுவது?

பின்னர் அவளை விடுவித்துவிடுகிறார்கள். அதன் பிறகு அவள் மேடைக்கு வருவதில்லை. சாவுக்குப் போகும் அன்ரிகனி, அரச குலத்தில் எஞ்சிய கடைசிப் பெண் தானே என்று, உயிரோடிருக்கும் சகோதரியை மறந்தவள்போலப் பேசுகிறாள். சோபோகிளிஸின் அன்ரிகனி செய்த அந்த மறதியை எங்கள் பிரதிகளும் செய்ய வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

வெட்டப்பட்ட காட்சி மூலத்தில் ஏறத்தாழ ஐம்பது வரிகள் மட்டுமே. நேரம் போதாதெனில் பாடகர் குழுவின் நீண்ட பாடல்களைச் சுருக்கலாம். காவலனின் பேச்சையும் குறைக்கலாம். அடுத்த ஆண்டுப் போட்டிக்குப் பிரதி தயாரிக்கும் ஆசிரியர்கள் கத்தரிக்கோலை எடுக்குமுன், இஸ்மினியாக நடிக்கப் போகும் பிள்ளையிடம் அந்த ஐம்பது வரிகளையும் ஒருமுறை உரக்க வாசிக்கக் கொடுத்துப் பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.