'முழுப் பாதுகாப்பு' என்று விற்ற கோழிக்கூண்டு பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 6 கோழிகளுக்கான வெளிக்கூண்டு - பாதுகாப்பற்ற வடிவமைப்பு, தவறான வழிகாட்டல் - முழுத் தொகையையும் திருப்பித் தரவும், கையேட்டைத் திருத்தவும் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஐந்து மாதங்களுக்கு முன்பு உங்கள் நிறுவனத்திடம் வீட்டுக் கொல்லைக்கென்று கோழிக்கூண்டு ஒன்று வாங்கினேன். கம்பி வலை அடித்த வெளிக்கூண்டு, அதன் ஓரத்தில் கோழிகள் இரவில் அடைய ஒரு மரக்கூடு, இரண்டும் சேர்ந்த தொகுப்பு அது. அட்டைப்பெட்டியின் மேல் 'இரவும் பகலும் முழுப் பாதுகாப்பு' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். சென்ற மாதம் ஒருநாள் இரவு அந்தக் கூண்டுக்குள் நாய் புகுந்து, என்னிடம் இருந்த நான்கு கோழிகளில் இரண்டைக் கடித்துக் கொன்றுவிட்டது. உங்கள் அலுவலகத்துக்குத் தெரிவித்தேன். 'விலங்குகளால் ஏற்படும் சேதத்துக்கு உத்தரவாதம் கிடையாது' என்று ஒரே வரியில் பதில் வந்தது. விலங்குகளிடமிருந்து காப்பதற்காகவே வாங்கிய பொருளுக்கு இந்தப் பதிலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

அன்று விடிந்தும் விடியாத நேரத்தில் தண்ணீர் வைக்கப் போனேன். என் செருப்புச் சத்தம் கேட்டாலே கொக்கரிக்கத் தொடங்கும் கோழிகளிடமிருந்து சத்தமே இல்லை. கூண்டின் பின்பக்கம் கீழ்ச்சட்டத்திலிருந்து வலை ஒரு முழ நீளத்துக்குப் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே மண்ணைப் பறித்த குழி. ஈர மண்ணில் நாயின் கால்தடம் அப்படியே பதிந்திருந்தது. வலையைச் சட்டத்தோடு பிடித்திருந்த ஸ்டேப்ளர் பின்களை மண்ணிலிருந்து பொறுக்கினேன், பதினொன்று கிடைத்தன. ஒன்றுகூட உடையவில்லை, சரியாக வளையக்கூட இல்லை. மரத்திலிருந்து முழுசாகக் கழன்று வந்திருந்தன. ஒரு பின்னின் கால் என் சுண்டுவிரல் நகத்தின் நீளம்கூட இல்லை. அந்தப் பின்களை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். வலைக்கண்களில் செவலையின் இறகுகள் சிக்கியிருந்தன. செவலையும் புள்ளியும் குஞ்சாக வந்ததிலிருந்து என் மகள் கையால் தீவனம் தின்று வளர்ந்தவை. அவள் எழுந்து வருவதற்குள் இரண்டையும் புதைத்துவிட்டேன்.

அந்த இரண்டும் ஏன் மரக்கூட்டுக்குள் இல்லாமல் வெளிக்கூண்டில் படுத்திருந்தன என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் உங்கள் வடிவமைப்புதான் காரணம். கோழி அடையும்போது கழியில் ஏறி உட்கார்ந்துதான் தூங்கும். ஒரு கோழிக்கு 8 முதல் 10 அங்குலம் இடம் வேண்டும். உங்கள் கூட்டுக்குள் இருக்கும் கழியை அளந்து பார்த்தேன்: 24 அங்குலம். மூன்று கோழி நெருக்கியடித்து உட்காரலாம், அவ்வளவுதான். இதை 6 கோழிகளுக்கு என்று விற்கிறீர்கள். கோழிகளுக்குள் யார் முந்தி யார் பிந்தி என்று ஒரு வரிசை உண்டு என்பது கோழி வளர்த்த எவருக்கும் தெரியும். இடம் போதாவிட்டால் வரிசையில் கீழே இருப்பவை கொத்து வாங்கி வெளியேறும். செவலையும் புள்ளியும் அப்படித்தான் தினமும் வெளியே தள்ளப்பட்டு, வலையை ஒட்டிப் படுத்துக்கொண்டன.

இதைக் கவனித்ததும் உங்கள் சேவை மையத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "வெளிக்கூண்டும் முழுப் பாதுகாப்புதாங்க, கோழி எங்கே படுத்தாலும் பயமில்லை" என்றார். கையேட்டின் இரண்டாம் பக்கமும் அதையே சொல்கிறது: 'மரக்கூட்டின் கதவை இரவிலும் திறந்தே வைக்கலாம்.' நான் இரண்டையும் நம்பினேன். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. உட்கார்ந்த இடத்தைவிட்டு ஓடக்கூடச் செய்யாது. அப்படிப்பட்ட பறவையைக் கதவு திறந்த கூட்டிலும் வலையோரத்திலும் விட்டுவைக்கச் சொல்லலாமா? அந்த ஒரு வரிதான் என்னை அதிகம் வருத்துகிறது. மரக்கூட்டுக்குள் இருந்த மற்ற இரண்டும் பிழைத்ததற்கு ஒரே காரணம், கூட்டின் வாசல் சிறிதாக இருந்ததால் நாயால் உடம்பை நுழைக்க முடியவில்லை.

இனி வலைக்கு வருகிறேன். நீங்கள் கொடுத்திருப்பது அறுகோணக் கண் உள்ள சாதாரணக் கோழி வலை. அது கெட்ட வலை என்று நான் சொல்லவில்லை. பகலில் கோழி காய்கறிப் பாத்திக்குள் போகாமல் மறிக்க, குஞ்சுகளைத் தனியே பிரித்து வைக்க, அது நன்றாகவே உதவும். கோழி வெளியே போகாமல் தடுக்கத்தான் அது. வெளியே இருப்பது உள்ளே வராமல் தடுக்க அதற்கு வலு போதாது. மெல்லிய கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிச் செய்த வலை அது; கம்பி சந்திக்கும் இடங்களில் பற்றவைப்பு கிடையாது. ஓரிடத்தில் அறுந்தால் பக்கத்து முறுக்கும் தளர்ந்து ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். நாய் பல்லால் கவ்வி இழுத்தால் தாங்காது. உங்கள் வலையின் கண் 1 அங்குலம். அதன் வழியாக எலி வரும், சிறிய பாம்பு வரும், பூனை முன்னங்காலை விட்டு வலையோரம் படுத்திருக்கும் கோழியைப் பிறாண்டும். தீவனத் தட்டில் எலிப்புழுக்கை கிடந்ததை இரண்டாவது வாரத்திலேயே பார்த்தேன். தட்டைத் தினமும் மாலையில் எடுத்து, மூடி போட்ட டின்னில் கொட்டி வைக்கத் தொடங்கினேன். இரவில் தீவனம் வெளியே இருந்தால் எலி வரும் என்ற எச்சரிக்கைகூட உங்கள் கையேட்டில் இல்லை.

பாதுகாப்பு என்று சொல்லி விற்பதானால் அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் கொடுத்திருக்க வேண்டும். குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் பற்றவைத்திருப்பதால் ஓரிடத்தில் அறுந்தாலும் மற்றது பிடித்து நிற்கும். அதிலும் பற்றவைத்து முடித்தபின் துத்தநாகப் பூச்சு கொடுத்த வலைதான் நீடிக்கும். பூச்சுக் கம்பியைப் பிறகு பற்றவைத்தால் அந்தச் சூட்டில் சந்திப்புகளில் பூச்சு கருகி, அங்கிருந்துதான் துரு ஏறும். வலை எவ்வளவு நல்லதானாலும் அதைப் பின் அடித்து நிறுத்தினால் பயனில்லை. ஸ்க்ரூவும் அகலமான வாஷரும் போட்டு முடுக்க வேண்டும், இல்லையென்றால் வலையின் மேல் இன்னொரு மரப்பட்டையை வைத்து ஸ்க்ரூ அடிக்க வேண்டும். அன்று கழன்ற பதினொரு பின்களின் இடத்தில் ஆறு ஸ்க்ரூ இருந்திருந்தால் நாய் இழுத்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கும்.

கூண்டின் அடிப்பாகம் வெறும் மண். கோழிக்கு மண் வேண்டும்தான். கிளறிப் புழு தேடும், குழி பறித்துப் புழுதியில் புரளும். அப்படிப் புரண்டுதான் அது தன் உடம்பில் பேன், செள்ளு சேராமல் பார்த்துக்கொள்கிறது. ஆனால் மண் தரை என்றால் சுற்றிலும் தோண்டலைத் தடுக்க ஒரு வழி செய்திருக்க வேண்டும். வலையைச் செங்குத்தாக 1 அடி ஆழம் புதைக்கலாம். கல் நிறைந்த தரையில் அது பெரும் பாடு. அதைவிட எளிய வழி, சட்டத்தின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை முதல் 2 அடி அகலத்துக்கு வலையைத் தரையில் படிய விரித்து, சட்டத்தோடு இறுக்கி, முளையடித்து, மேலே மண் தள்ளிவிடுவது. நாய் எப்போதும் வேலியின் அடியை ஒட்டித்தான் பறிக்கும். கம்பி தட்டுப்பட்டதும் அங்கேயே சுற்றிச் சுற்றிப் பிறாண்டுமே தவிர, இரண்டு அடி பின்னால் போய்த் தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. கொஞ்ச நாளில் புல் முளைத்து வலையே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். இதற்குத் தேவை இன்னும் சில அடி வலையும் ஒரு மதிய நேர வேலையும்தான். கையேட்டில் நான்கு வரி எழுதியிருந்தால் நானே செய்திருப்பேன்.

இட அளவையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வெளிக்கூண்டு 6 அடி நீளம், 3 அடி அகலம்; மொத்தம் 18 சதுர அடி. நாள் முழுக்கக் கூண்டிலேயே இருக்கும் கோழி ஒன்றுக்கு வெளிப்பகுதியில் 8 முதல் 10 சதுர அடி, கூட்டுக்குள் 3 முதல் 4 சதுர அடி என்பது வளர்ப்பவர்கள் வழக்கமாக வைக்கும் கணக்கு. அந்தக் கணக்குப்படி உங்கள் வெளிக்கூண்டில் இரண்டு கோழிதான் வளர்க்கலாம். நீங்கள் சொல்வதோ ஆறு. நெருக்கடியில் கோழிகள் ஒன்றின் இறகை ஒன்று பிடுங்கும், ரத்தம் வந்தால் அங்கேயே கொத்தும். நான் நான்கு வைத்திருந்தபோதே புள்ளியின் முதுகில் இறகு போய்த் தோல் தெரிந்தது. முதலில் பேன் என்று நினைத்து மருந்து தேடினேன். இப்போது புரிகிறது.

கூட்டின் காற்றோட்டமும் சரியில்லை. காலையில் மேல்மூடியைத் தூக்கினால் அதன் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்து நிற்கும். அம்மோனியா நெடியில் கண் எரியும். கோழியின் எச்சத்திலும் மூச்சிலும் ஈரம் அதிகம். அது வெளியேற, உட்கார்ந்திருக்கும் கோழியின் தலைக்கு மேல், கூரையை ஒட்டித் திறப்பு வேண்டும். நீங்கள் வைத்திருக்கும் ஒரே ஜன்னல் கழியின் மட்டத்தில் இருப்பதால் காற்று நேராகக் கோழியின் மேல் அடிக்கிறது, ஈரமோ மேலேயே தங்குகிறது. கழியை முட்டையிடும் பெட்டியைவிடத் தாழ்வாக வைத்ததும் தவறு. கோழி இருப்பதில் உயரமான இடத்தைத்தான் தேடும். அதனால் அவை பெட்டியிலேயே படுத்து எச்சமிட, ஒவ்வொரு முட்டையையும் துடைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கதவுக்குக் கொடுத்திருக்கும் திருகு கட்டையைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. மூக்கால் தள்ளினால் திரும்பிவிடும் தாழ் தாழே இல்லை.

மேற்கூரை வெறும் வலையாக இருப்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும். பருந்தை அது தடுக்கும், சரி. ஆனால் மேலே உட்காரும் காட்டுப் பறவைகளின் எச்சம் நேராகத் தீவனத்திலும் தண்ணீரிலும் விழுகிறது. பறவைக் காய்ச்சல் பரவும் வழிகளில் அதுவும் ஒன்று. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அதற்கு நிழலும் அவசியம். தீவனத் தட்டு இருக்கும் பாதிக்காவது தகடு போட்டுச் சரிவாக அமைத்திருக்கலாம்.

பிழைத்த கருப்பியும் வெள்ளையும் அந்த நாளுக்குப் பிறகு ஏழு இரவு கூட்டுக்குள் போக மறுத்தன. பொழுது சாய்ந்ததும் கொல்லையில் கவிழ்த்து வைத்த வாளியின் மேல் ஏறி, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. இருட்டியபின் ஒவ்வொன்றாக நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவந்து உள்ளே விட்டேன். கையில் அவற்றின் இதயம் படபடவென்று அடிப்பது தெரிந்தது. மூன்று வாரம் முட்டையே இல்லை.

இப்போது மேலே சொன்ன வேலைகளையெல்லாம் நானே செய்து முடித்திருக்கிறேன். வெல்டு மெஷ், ஸ்க்ரூ, வாஷர், தரையில் 2 அடி வலை, கூரை ஓரத்தில் வலை அடித்த திறப்பு, கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள். உங்கள் பொருளில் மிஞ்சியது மரச்சட்டங்களும் கூடும் மட்டும்தான். தினமும் கோழி அடைந்ததும் தலையை எண்ணி, கூட்டின் கதவைச் சாத்திவிட்டுத்தான் நான் தூங்கப் போகிறேன்.

ஆகவே, கூண்டுக்கு நான் கொடுத்த முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். இறந்த கோழிகளுக்கு நான் விலை கேட்கவில்லை. ஆனால் பணத்தைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. இந்தக் கூண்டை ஏற்கெனவே வாங்கிய எல்லோருக்கும் உடனே தகவல் அனுப்புங்கள்: இரவில் மரக்கூட்டின் கதவைக் கட்டாயம் சாத்த வேண்டும், சுற்றிலும் தரையில் வலை விரிக்க வேண்டும், இரண்டு கோழிக்கு மேல் வைக்கக் கூடாது. அவர்களும் என்னைப் போலவே அந்த இரண்டாம் பக்கத்தை நம்பிக் கதவைத் திறந்து வைத்திருப்பார்கள். அடுத்து அச்சிடும் கையேட்டில் அந்த வரியை எடுத்துவிடுங்கள். அட்டைப்பெட்டியில் இருக்கும் 'முழுப் பாதுகாப்பு' என்ற சொல்லையும், வலையையும் அதைப் பிடிக்கும் முறையையும் மாற்றும்வரை எடுத்துவிடுங்கள்.

15 நாட்களுக்குள் எழுத்து மூலமாகப் பதிலை எதிர்பார்க்கிறேன். பதில் இல்லாவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் முறையிடுவேன். கூண்டை நேரில் பார்க்க உங்கள் ஆட்கள் வருவதானால் எந்த நாளும் வரலாம். பிரிந்த வலையை வெட்டி எறியாமல் அப்படியே சுருட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: கொள்முதல் ரசீது நகல், பிரிந்த வலை, குழி, கால்தடம் ஆகியவற்றின் படங்கள், கையேட்டின் இரண்டாம் பக்க நகல்