பேசாத பிள்ளையிடம் கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள்

கோலாலம்பூர் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பாலர் பள்ளி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். ரெட் சிண்ட்ரோம் என்ற மூளை வளர்ச்சிக் குறைபாடு ஏறக்குறைய 10,000 பெண் பிள்ளைகளில் ஒருத்திக்கு வருவது. ஆகவே உங்களில் பலர் அப்படியொரு பிள்ளையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் ஒருத்தி வந்து நின்றால், "இவளுக்கு ஒன்றும் விளங்காது" என்று முதல் நாளே முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவை மாற்றிக்கொள்ளத்தான் இந்த மடல்.

பிறந்து 6 முதல் 18 மாதம் வரை பெரிதாக எதுவும் தெரியாது. பிறகு பேசிய ஓரிரு சொற்கள் போய்விடும். கரண்டி பிடித்த கை பிடிக்காது. இரண்டு கைகளையும் நெஞ்சருகே சேர்த்து, ஈரத்துணி பிழிவதுபோல் பிசைந்துகொண்டே இருப்பாள். நடை தள்ளாடும். பலருக்கு முதலில் ஆட்டிசம் என்றுதான் எழுதிக் கொடுப்பார்கள். வியன்னா மருத்துவர் ஆண்ட்ரியாஸ் ரெட் 1966இல் விவரித்த இந்த நிலைக்கு, எக்ஸ் குரோமோசோமிலுள்ள மெக்பி2 மரபணுவின் மாற்றமே பெரும்பாலும் காரணம் என்பது 1999இல் தெரிந்தது. நம் நாட்டில் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) தடுப்பூசி போடுவது 9, 12 மாதங்களில், அறிகுறிகள் தெரியத் தொடங்கும் அதே காலத்தில். அதனால் பழி ஊசி மேல் விழும். இல்லாவிட்டால் தாய் மேல், தோஷத்தின் மேல். உண்மையில் அந்த மாற்றம் பெரும்பாலும் தந்தையின் விந்தணுவில் தற்செயலாகப் புதிதாக ஏற்படுவது. (அதற்காக அப்பாவைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.)

வகுப்பறையில் சிக்கல் எங்கே என்றால், அவள் கேட்கிறாள், பதில் சொல்ல விரும்புகிறாள், ஆனால் உடம்பு சொன்னபடி கேட்பதில்லை. கண் மட்டும் ஓரளவு கேட்கும். எனவே கண்ணால் பதில் வாங்குங்கள். மைலோ படம் ஒரு கையில், தண்ணீர் படம் மறு கையில். இரண்டும் அவள் கண் மட்டத்தில், தோள் அகலத்துக்கு விலக்கி. "எது வேண்டும்?" என்று ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். 20 விநாடிகூட ஆகலாம். முதலில் வேறெங்கோ பார்ப்பாள், கை பிசைதல் கூடும், மூச்சு வேகமாகும். அது மறுப்பு இல்லை, முயற்சி. இங்கேதான் பெரும்பாலும் கெட்டுப்போகிறது: பொறுமையிழந்து கேள்வியைத் திரும்பக் கேட்டால், அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பார்வை ஒரு படத்தில் நின்றதும், "மைலோ கேட்டாய்" என்று சொல்லி உடனே கொடுங்கள். அடுத்த முறை படங்களை இடம் மாற்றுங்கள். எப்போதும் ஒரே பக்கம் பார்க்கிறாளா என்று தெரிந்துவிடும். அவள் குறைவாகப் பயன்படுத்தும் கையை மென்மையாகப் பிடித்துக்கொண்டால் சிலருக்குக் கவனம் கூடும். இரு கைகளையும் கட்டிவைக்காதீர்கள்.

சாப்பாடு: நிமிர்ந்து உட்கார்ந்து, பாதம் பலகையில் பதிந்திருக்க வேண்டும். உதிரியான சோறு ஆபத்து, மசித்தது நல்லது. மூச்சைப் பிடித்திருக்கும்போதோ இரைக்கும்போதோ ஊட்டினால் புரையேறும்.

வெறித்துப் பார்ப்பதெல்லாம் வலிப்பு அல்ல. கைப்பேசியில் படமெடுத்து, மருத்துவரிடம் காட்டும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள். வலிப்பு 5 நிமிடம் தாண்டினால் 999. சிலருக்கு இதயத் துடிப்பில் க்யூடி இடைவெளி (ஒரு துடிப்புக்குப் பின் இதயம் மின்னளவில் மீண்டும் தயாராக எடுக்கும் நேரம்) நீண்டிருக்கும். அசித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி போன்ற மருந்துகள் அதை மோசமாக்கலாம். க்யூடி பற்றிய குறிப்பு பிள்ளையின் கோப்பில் முதல் தாளாக இருக்கட்டும், அவசரத்தில் கிளினிக்குக்குக் கொண்டுபோகிறவர் கையில் அதுவும் போக வேண்டும். விழுந்தால் அழவில்லையே என்று விட்டுவிடாதீர்கள்; எலும்பு முறிந்தும் அழாத பிள்ளைகள் உண்டு.

கழிவறைக்குத் தானாகப் போகத் தெரியாது என்பதே பள்ளியில் சேர்க்க மறுக்கக் காரணமாகிவிடுகிறது. எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்ற கல்வி அமைச்சின் கொள்கை 2019 முதல் நடப்பில் உள்ளது. கழிவறைக்கு மாணவர் நிர்வாக உதவியாளரைக் கேட்டு எழுதுங்கள். விண்ணப்பத்தில் "கற்கும் திறன் இல்லை" என்று எழுதுமுன் அந்த இரண்டு படங்களை வைத்துப் பாருங்கள், ஒரே நாளில் அல்ல, மூன்று வெவ்வேறு நாட்களில். இரவு தூங்காமல் வந்த நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இப்படிக்கு,
ரெட் சிண்ட்ரோம் பிள்ளைகளுடன் பணியாற்றும் சிகிச்சையாளர்கள்,
கோலாலம்பூர்