நாற்காலியைக் குறைத்துப் போடு

அன்பு மகளுக்கு,

உன் சொற்பொழிவுத் தொடரின் மூன்றாவது அறிவிப்பு சித்தி மூலமாகத்தான் என் கைக்கு வந்தது. நீயே அனுப்பியிருக்கலாம். பரவாயில்லை, வேலை இருந்திருக்கும். வேலையில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே பொது உரை, சனிக்கிழமை வகுப்பு, இசை நிகழ்ச்சி மூன்றையும் உன்னை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். சும்மாவா! இரண்டாவது உரைக்குப் பிறகு மூன்று வாரமாக உன்னிடமிருந்து போன் இல்லை. எப்படிப் போயிற்று என்று நான் கேட்கவில்லை. அரங்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

40 பேர் பெயர் கொடுத்தால் 40 நாற்காலி போடாதே. இலவச நிகழ்ச்சிக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வந்தாலே நல்ல வரவு. 25 போடு, மீதியைச் சுவரோரம் அடுக்கி வைத்து, ஆள் வர வர எடுத்துப் போடு. 100 இருக்கை அரங்கில் 15 பேர் மூலைக்கொருவராக உட்கார்ந்தால் பேசுகிறவருக்குக் குரலே எழும்பாது. இருக்கைகள் தரையோடு பொருத்தியவை என்றால் பின்வரிசைகளுக்குக் குறுக்கே நாடா கட்டிவிடு.

மைக் ஊளையிட்டால் எல்லாரும் சவுண்டைக் குறைக்க ஓடுவார்கள். முதலில் மைக் எங்கே இருக்கிறது என்று பார். ஸ்பீக்கருக்கு முன்னால் மைக் நின்றால், தன் சத்தத்தையே திரும்பத் திரும்ப வாங்கி ஊளையிடும். ஸ்பீக்கர்கள் பேச்சாளருக்கு முன்னால், கேட்பவர்களைப் பார்த்து இருக்க வேண்டும். காலர் மைக்கைத் தாடைக்கு ஒரு சாண் கீழே, நடுமார்பில் குத்து. சங்கிலியோ துப்பட்டாவோ உரசினால் கரகரக்கும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் கூடும். அதனால் குரல் போதவில்லை என்றால் குமிழைத் திருகுவதற்கு முன் மைக்கை நெருக்கு. பேட்டரியை ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புதிதாகப் போடு. ஆள் நிறைந்த அரங்கு சத்தத்தை உறிஞ்சும். காலி அரங்கில் சரியாகக் கேட்ட அளவு அப்போது போதாது.

ஸ்லைடில் எழுத்தின் அளவு 24 பாயிண்டுக்குக் குறையக் கூடாது. கடைசி வரிசையில் நின்று நீயே படித்துப் பார். ப்ரொஜெக்டரோடு இணைக்கும் எச்டிஎம்ஐ கம்பியைச் செருகியதும் லேப்டாப்பின் ஒலி பல சமயம் ப்ரொஜெக்டருக்குப் போய்விடும், வீடியோ ஊமையாகும். ஒலி எங்கே போக வேண்டும் என்பதை அமைப்பில் மாற்றிவிட்டு, ஒருமுறை ஓடவிட்டுப் பார்.

ஒரு மணி நேரத்தில் அறிமுகத்துக்கு 5 நிமிடம், உரைக்கு 40, கேள்விக்கு 15. பேச்சாளரின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று அவரிடமே கேட்டு வை. கேள்வி நேரத்தில் யாரும் வாய் திறக்கவில்லை என்றால் பதறாதே. பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசச் சொல். பிறகு பார், கை தூக்குவார்கள். கேட்ட கேள்வியை மைக்கில் ஒருமுறை திருப்பிச் சொல், இல்லாவிட்டால் பதிவில் வெறும் பதில் மட்டும்தான் இருக்கும்.

இசை நிகழ்ச்சி அன்று வாத்தியங்கள் அரை மணிக்கு முன்பே அரங்குக்குள் வந்துவிடட்டும். ஏசி குளிருக்குத் தந்தியும் தோலும் சுருதி மாறும்.

வகுப்புக்கு ஆள் சேரவில்லையா? சேராமல் போவதும் உண்டு. சேர்ந்த கதை ஒன்று சொல்கிறேன். 1867-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் இங்கிலாந்தின் வட நகரங்களில் பெண்களுக்கு வானியல் உரை நிகழ்த்தினார். உரைச் சுருக்கத்தை அச்சடித்துக் கொடுத்தார். கேள்விகளைத் தாளில் கொடுத்து விடை எழுதி வாங்கினார். ராச்டேல் என்ற ஊரில் தொழிலாளர்களுக்கும் உரை நிகழ்த்தினார். அங்கே ஒருநாள் அவசரமாகக் கிளம்பியவர் தன் படங்களை அங்கேயே தொங்கவிட்டுப் போனார். கேட்டவர்கள் அவற்றைப் பார்த்துத் தங்களுக்குள் விவாதித்து, அடுத்த வாரம் உரைக்கு முன்பே கேள்விகளோடு வந்துவிட்டார்கள். உரையோடு வகுப்பும் சேர்ந்தது அப்படித்தான். 1873-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமே அந்த ஏற்பாட்டை ஏற்று நடத்தத் தொடங்கியது. நீயும் உரை முடிந்ததும் ப்ரொஜெக்டரை உடனே அணைக்காதே. முக்கியமான படத்தைத் திரையில் விட்டு வை. அதைப் பார்த்து நிற்கிற நாலு பேர்தான் உன் சனிக்கிழமை வகுப்பு.

நாற்காலியைக் குறைத்துப் போடு, மறக்காதே.

இரண்டாவது உரைக்கு 11 பேர்தான் வந்தார்கள் என்று சித்தி சொல்லிவிட்டாள். அதனால்தான் நீ பேசவில்லையோ என்று தோன்றுகிறது. முதல் உரை முடிந்து நீ மேடையை விட்டு இறங்கியதும் நான் சொன்ன முதல் வார்த்தை மைக் இரைந்ததைப் பற்றித்தான். நீ நன்றாகப் பேசினாய். அதைச் சொல்லவே இல்லை நான். உன் முகம் வாடியதைப் பார்த்தேன். பார்த்தும் பேட்டரியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையதுதான், கண்ணு.

அடுத்த உரை எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுது. வாசலில் வருகைப் பதிவேட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். மைக் பக்கம் வரமாட்டேன்.

அப்பா