நியூயார்க்கில் நிறத்தை நம்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் நியூயார்க் பயணக் கட்டுரையில், சுரங்க ரயிலில் போகிறவர்கள் வரைபடத்தில் நிறத்தைப் பார்த்து ஏறினால் போதும் என்று எழுதியிருந்தது. சென்னை மெட்ரோவுக்கு அது சரி. நியூயார்க்கில் அப்படி ஏறுகிறவர் விமானத்தையே தவறவிடலாம். மகள் குடும்பம் அங்கே இருப்பதால் அந்த ரயில்களோடு எனக்குப் பழக்கம் உண்டு.

அங்கே நிறம் காட்டுவது ஒன்றே ஒன்றுதான்: நகரின் மையப் பகுதியான மன்ஹாட்டனுக்குள் அந்த ரயில் எந்தச் சாலையின் கீழே ஓடுகிறது என்பது. அங்கே வண்டிகளுக்கு எழுத்தோ எண்ணோதான் பெயர். எட்டாம் அவென்யூவின் கீழே ஓடும் ஏ, சி, இ மூன்றுக்கும் நீலம். மன்ஹாட்டனைத் தாண்டியதும் ஏ, சி இரண்டும் நகரின் இன்னொரு பகுதியான புரூக்ளினுக்குப் போகும். இ வேறொரு பகுதியான குவீன்ஸுக்குப் போய்விடும். கட்டுரையாளர் புகழ்ந்திருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தையே எடுத்துக்கொள்வோம். இறங்க வேண்டிய இடம் 81ஆவது தெரு. 59ஆவது தெருவில் நின்றுகொண்டு, நீலம் வந்துவிட்டதே என்று பகலில் ஏ வண்டியில் ஏறினால், நடுவில் ஏழு நிலையங்களை விட்டுவிட்டு 125ஆவது தெருவில், ஹார்லெமில்தான் அது நிற்கும். ஏற வேண்டியது சி. வார நாட்களில் ஆரஞ்சு நிற பி வண்டியும் 81இல் நிற்கும். நீலத்துக்காகக் காத்திருப்பவர் அதைக் கண்ணெதிரே விட்டுவிடுவார். பின்னிரவில் சி ஓடாது. அப்போது ஏ வண்டியே எல்லா நிலையங்களிலும் நின்று போகும்.

எழுத்தை மட்டும் பார்த்தாலும் போதாது. கென்னடி விமான நிலையத்துக்கு ஏ வண்டியில் போகிறவர்கள் ஹோவர்ட் பீச் நிலையத்தில் இறங்கி, ஏர்டிரெயின் என்ற விமான நிலைய ரயிலுக்கு மாற வேண்டும். ஃபார் ராக்கவே என்று போட்ட வண்டி அந்த வழியே போகும். லெஃபர்ட்ஸ் புளுவார்ட் என்று போட்ட வண்டி அதற்கு முன்பே பிரிந்துவிடும். இரண்டும் ஏ, இரண்டும் நீலம். ரயில் பெட்டியின் பக்கவாட்டில் ஒளிரும் கடைசி நிலையத்தின் பெயரைப் படித்துவிட்டுத்தான் பயண மூட்டையைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும்.

இரண்டு தனியார் நிறுவனங்களும் நகர நிர்வாகமும் தனித்தனியே போட்ட பாதைகளை 1940இல் ஒன்றாக்கியதால் வந்த குழப்பமும் உண்டு. 23ஆவது தெரு என்ற ஒரே பெயரில் ஐந்து நிலையங்கள் இருக்கின்றன, ஐந்தும் வேறு வேறு அவென்யூக்களில். சந்திக்கும் இடத்தைச் சொல்லும்போது அவென்யூவையும் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. சிறு நிலையங்கள் பலவற்றில் வடக்கே போக ஒரு வாசல், தெற்கே போக எதிர்ச்சாரியில் இன்னொரு வாசல். அப்டவுன் (வடக்கே), டவுன்டவுன் (தெற்கே) என்று படிக்கட்டின் மேலேயே எழுதியிருக்கும். கட்டணம் செலுத்தி உள்ளே போன பிறகு கீழேயே மறுபக்கம் போக வழி இருக்காது. மேலே ஏறி, சாலையைக் கடந்து, மறுபடியும் பணம் கட்ட வேண்டியதுதான்.

குவீன்ஸில் உள்ள ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போகும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஊதா நிற 7ஆம் எண் வண்டியில் ஏறி, கடைசி நிலையமான மெயின் ஸ்ட்ரீட்டில் எல்லோரோடும் இறங்கிவிடலாம். பிள்ளையார் அங்கேயும் கருணை காட்டியிருக்கிறார்!

கட்டுரையின் அடுத்த பகுதியில் இந்தத் திருத்தத்தை வெளியிடுங்கள். வார இறுதிகளில் தண்டவாளப் பணிக்காக வண்டிகளைப் பாதை மாற்றி விடுவார்கள், நிலையத்தில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்த பிறகே கட்டணம் செலுத்த வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

க. சு.,
திருச்சி